சமூக வலைத்தளங்களை நம்பி நெல்லையில் ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கலாமா?

பொறியியல் இறுதியாண்டு படிக்கும் நண்பர்கள் மூவர் பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறார்கள்: பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் ஆகியவற்றுக்குள் ஓடும் சிறு செயலிகளும் விட்ஜெட்டுகளும் (பக்கத்தில் ஒட்டிவைக்கும் சிறு நிரல்கள்) செய்யும் நிறுவனத்தைத் திருநெல்வேலியிலேயே தொடங்க விரும்புகிறோம்; இதில் காசு உண்டா, எதைச் செய்வது, கல்லூரி வழியாகக் கிடைத்த வேலையை விட்டுவிடலாமா?

தொடங்கலாம். காசும் உண்டு. ஆனால் நீங்கள் எந்தத் தளத்துக்குச் செயலி செய்வது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு வாடிக்கையாளரைத் தேடப் போகிறீர்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். யாருடைய எந்தச் சிரமத்தைத் தீர்க்கிறோம், அதற்கு அவர் கையிலிருந்து எடுத்துப் பணம் கொடுப்பாரா என்பது முதலில் தெரிய வேண்டும். பேஸ்புக்கா டெலிகிராமா என்பது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. சென்னையிலும் பெங்களூரிலும் இதே வகைச் செயலிகள் செய்துவிட்டு, இப்போது பெருமாள்புரத்தில் இருந்துகொண்டு அதே வேலையைத் தொடர்கிறேன் என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். ஏன் என்று விளங்க, இந்தத் தொழில் பிறந்து வளர்ந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் இருந்தார்கள். அங்கே தன் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நாலு வரி நிரலை ஒட்டலாம். ஸ்லைடு, ராக்யூ என்ற இரண்டு நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. படங்களை ஏற்றினால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் விட்ஜெட்டைச் செய்து கொடுத்தன. அதன் ஓரத்தில், நீங்களும் இதைச் செய்யலாம் என்று ஒரு இணைப்பு இருக்கும். பக்கத்துக்கு வந்த தோழி அதைச் சொடுக்குவாள். அவள் பக்கத்திலும் அது ஏறும். விளம்பரத்துக்கு ஒரு காசு செலவில்லாமல் கூட்டம் சேர்ந்தது. ஆனால் 2007 ஏப்ரலில், போட்டோபக்கெட் என்ற நிறுவனம் தன் விட்ஜெட்டில் விளம்பரம் சேர்த்துவிட்டது என்று சொல்லி, அதன் வீடியோக்களை மைஸ்பேஸ் முடக்கியது. அடுத்த மாதமே மைஸ்பேஸின் உரிமையாளரான நியூஸ் கார்ப் குழுமம் போட்டோபக்கெட்டை வாங்கிக்கொண்டது. கதவைத் திறந்து வைத்தவரிடம்தான் பூட்டும் இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அதே 2007-இல் மே 24 அன்று, சான்பிரான்சிஸ்கோவில் மார்க் ஸக்கர்பெர்க் பேஸ்புக்கை வெளியாருக்குத் திறந்துவிட்டார். யாரும் பேஸ்புக்குக்குள் ஓடும் செயலி எழுதலாம், பயனரின் நண்பர் பட்டியலைப் பயன்படுத்தலாம், வரும் விளம்பர வருமானத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அறிவிப்பு. அந்த ஆண்டின் இறுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் என்ற ஆசிரியர் இதையே ஒரு பாடமாக நடத்தினார். 75 மாணவர்கள் செய்த செயலிகளைப் பத்து வாரங்களில் ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் நிறுவிக்கொண்டார்கள். பெரும்பாலானவை மிக எளிய சங்கதிகள். நண்பருக்கு ஒரு அணைப்பை அனுப்பு, ஒரு பாராட்டை அனுப்பு என்ற அளவில்தான் இருந்தன.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம், உங்களுக்கு அது பயன்படும். ஒருவர் சராசரியாகப் பத்துப் பேருக்கு அழைப்பு அனுப்புகிறார், அழைப்பு பெற்றவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் நிறுவுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரால் 1.2 பேர் வருகிறார்கள். 100 பேரில் தொடங்கினால் பத்தாவது சுற்றில் மட்டும் 600-க்கு மேற்பட்ட புதியவர்கள், இருபதாவது சுற்றில் 3,800 பேர். இப்போது அந்தத் தளம் தன் விதியை மாற்றுகிறது: ஒருவர் ஆறு அழைப்புக்கு மேல் அனுப்பக் கூடாது. உங்கள் செயலியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் ஒருவரால் வருகிறவர் 0.72 ஆகிவிடுகிறார். அதே 100 பேர் பத்தாவது சுற்றுக்குள் நான்கு பேராகக் குறைந்துபோவார்கள். வளர்ச்சியையும் அழிவையும் தீர்மானிக்கும் அந்த ஒற்றை எண் உங்கள் கையில் இல்லை. முதலீட்டாளரிடம் போய் அமரும்போது அவர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதுதான்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேபால் நிறுவனர்களில் ஒருவரான மேக்ஸ் லெவ்சின் நடத்திய ஸ்லைடு நிறுவனத்தை 2008 தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் 50 கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டார்கள். 2010 ஆகஸ்டில் கூகுள் அதை அதற்கு வெகு குறைவான விலைக்கு வாங்கியது. ஓராண்டு கழித்து அதன் செயலிகளை மூடப்போவதாக அறிவித்தது. பேஸ்புக்குக்குள் விளையாட்டுகள் நடத்திய ஸிங்கா நிறுவனம் இன்னும் பெரிய கதை. 2009 ஜூனில் வந்த ஃபார்ம்வில் விளையாட்டு நம் ஊர் இணைய மையங்கள்வரை பரவியது. 2011-இல் பேஸ்புக்கின் மொத்த வருமானத்தில் சுமார் 12 விழுக்காடு ஸிங்கா வழியாக வந்தது என்று பேஸ்புக் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்திலேயே எழுதியது. அதே 2011 ஜூலையிலிருந்து பேஸ்புக்குக்குள் விளையாடுபவர் பணம் செலுத்தினால் பேஸ்புக்கின் நாணயத்தில்தான் செலுத்த வேண்டும், அதில் 30 விழுக்காடு பேஸ்புக்குக்கு என்ற விதியும் வந்தது. 2011 டிசம்பரில் பத்து டாலருக்கு வெளியிடப்பட்ட ஸிங்காவின் பங்கு, அடுத்த ஆண்டு நடுவிலேயே மூன்று டாலர் அளவுக்கு இறங்கியது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளருக்கே அந்தக் கதி என்றால், மூன்று பேர் நடத்தும் நிறுவனத்துக்கு என்ன சலுகை கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தாமிரபரணிப் பாசனத்தில் குத்தகைக்கு நெல் போடுகிறவருக்கு 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் துணையிருக்கிறது; நிலத்துக்காரர் நினைத்த மாத்திரத்தில் அவரை வரப்பு ஏற்றிவிட முடியாது. சமூக வலைத்தளத்தின் மேல் தொழில் செய்கிறவருக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன் என்ற பெட்டியில் நீங்கள் ஒரு முறை இடும் குறியோடு பேச்சு முடிந்தது.

தளங்கள் வேண்டுமென்றே சிறியவர்களை ஒழிக்கின்றன என்று பேசுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பயனர்கள் நிஜமாகவே எரிச்சலடைந்தார்கள். 2008-இல் பேஸ்புக்கைத் திறந்தால் நண்பர்களின் செய்தியைவிடச் செயலிகளின் அழைப்புதான் அதிகம் இருந்தது. பணம் எங்கே புரள்கிறது என்று தெரிந்ததும் தளத்துக்கு அதில் பங்கு வேண்டியிருந்தது. இந்த இரண்டையும்விடப் பெரியது அந்தரங்கம். அன்றைய விதிப்படி நீங்கள் ஒரு செயலியை நிறுவினால், நிறுவாத உங்கள் நண்பர்களின் பிறந்தநாள், ஊர், விருப்பங்கள் எல்லாம் அந்தச் செயலிக்குப் போகும். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் 2018 மார்ச்சில் வெடித்தபோது, ஒரு சாதாரண ஆளுமை வினாடிவினாச் செயலி வழியாக 8.7 கோடிப் பேரின் விவரங்கள் போயிருக்கலாம் என்று தெரிந்தது. இந்தியாவில் அதை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். நண்பர்கள் பட்டியல் வழியாகப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,120 பேர் என்று பேஸ்புக்கே கணக்குக் கொடுத்தது. நண்பர்களின் விவரத்தை எடுக்கும் அந்த வழி 2015 ஏப்ரல் 30 அன்றே மூடப்பட்டிருந்தது. ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான். 2019-இல் அமெரிக்க வணிக ஆணையம் பேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகு எந்தத் தளமும் வெளியாரைப் பழையபடி நம்பவில்லை, நம்பவும் முடியாது.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். ட்விட்டரைப் படிக்க வெளியார் செய்த செயலிகள் 2023 ஜனவரியில் ஒரே நாளில் நின்றுபோயின. பேஸ்புக் குழுக்களுக்குள் வெளிச் செயலிகள் இயங்கிய வழி 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. இன்ஸ்டாகிராம் படங்களைக் கடைக்காரரின் இணையப் பக்கத்தில் காட்டப் பலரும் பயன்படுத்திய எளிய வழி 2024 டிசம்பர் 4-இல் போனது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் உரிமையாளரான மெட்டா, ஃபில்டர் செய்வதற்குத் தந்திருந்த மெட்டா ஸ்பார்க் என்ற கருவி 2025 ஜனவரி 14-இல் நின்றது. அதை நம்பி இன்ஸ்டாகிராமுக்கு ஃபில்டர் செய்து கொடுத்த இளைஞர்கள் நம் பக்கமும் இருந்தார்கள். திருமண ஸ்டுடியோக்காரர், கடைக்காரர், கட்சிக்காரர் என்று அவர்களுக்கு நல்ல வாடிக்கை இருந்தது. அவர்கள் செய்த ஃபில்டர்கள் அத்தனையும் அன்றோடு மறைந்தன. வெளி இணையதளங்களில் ஒட்டிவைக்கும் விருப்பப் (லைக்) பொத்தானையும் கருத்துப் பெட்டியையும் நிறுத்தப்போவதாக 2025 நவம்பரில் மெட்டா அறிவித்தது. உலகத்தில் மிகுதியாக ஒட்டப்பட்ட விட்ஜெட்டுகளில் ஒன்று அந்தப் பொத்தான்.

ஆகவே உங்கள் நிறுவனத்தில் நான்கு காரியங்கள் முதல் நாளிலிருந்தே உங்கள் கையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளரை நேரடியாகத் தொடர்புகொள்ளும் எண், அவருடைய ஒப்புதலோடு. பணம் உங்கள் கணக்குக்கு வரும் வழி. வேலையின் மூளைப்பகுதி ஓடும் சர்வர். ஒரு வாசல் அடைபட்டால் வாடிக்கையாளர் நுழைய இரண்டாவது வாசல். சமூக வலைத்தளத்தை வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எதைச் செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். பெங்களூரில் இருப்பவருக்குத் தெரியாத, உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிற தொழில்களைப் பாருங்கள். சேரன்மகாதேவி போகும் வழியில் பத்தமடை இருக்கிறது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் சேர்த்து நெய்து கொடுப்பது அந்த ஊரின் வழக்கம். இப்போது ஆர்டர் எப்படி வருகிறது? யாரோ இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் அழைப்பிதழைப் புகைப்படம் எடுத்து அனுப்புவார். இன்னொருவர் குரல்பதிவில் பெயரைச் சொல்வார். பிரியாவா, ப்ரியாவா? பெயர் தமிழிலா, ஆங்கில எழுத்திலா? தலைப்பெழுத்து வேண்டுமா? ஒரு எழுத்து தவறி நெய்துவிட்டால் அந்தப் பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது. நாள்கணக்கான உழைப்பு வீண்.

இதற்கு ஒரு சிறு கருவி செய்யலாம். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு இணைப்பு; அதைத் தொட்டால் கடையின் வாட்ஸ்அப் எண் திறக்கிறது. அங்கே தானாகப் பேசும் ஒரு நிரல் ஒவ்வொன்றாகக் கேட்கிறது: மணமகன் பெயர், மணமகள் பெயர், எந்த மொழி, எந்த நாள், எத்தனை அடிப் பாய், என்ன நிறம். விவரம் வந்ததும் உங்கள் சர்வர், அந்த எழுத்துகள் பாயில் எப்படி விழும் என்று ஒரு படம் தயார் செய்து அனுப்புகிறது. வாடிக்கையாளர் வீட்டில் பெரியவர்களிடம் காட்டி, சரி என்று பதில் போட்ட பிறகுதான் முன்பணத்துக்கான யுபிஐ இணைப்பு போகும். நெசவாளர் கைக்கு அதே படம் அச்சாகப் போகும். பிறகு கோரை சாயம் ஏறியது, தறியில் ஏறியது, பார்சல் போனது என்று மூன்று தகவல்கள், அவ்வளவுதான். கடைக்காரர் இதற்கு மாதம் இவ்வளவு என்றோ, ஆர்டருக்கு இவ்வளவு என்றோ உங்களுக்குக் கொடுப்பார். ஏன் கொடுப்பார் என்று நீங்கள் அவருக்கு விளக்கவே வேண்டாம்; கெட்டுப்போன ஒரு பாயின் விலை அவருக்குத் தெரியும்.

இதில் வாட்ஸ்அப் செய்யும் வேலை என்ன என்று கவனியுங்கள். பேச்சை இங்கிருந்து அங்கே கொண்டுசெல்வது மட்டும்தான். எழுத்தைப் பாயில் வரைந்து காட்டும் நிரலும் ஆர்டர் புத்தகமும் உங்கள் சர்வரில் இருக்கின்றன. நாளைக்கு வாட்ஸ்அப் விதி மாறினால் அதே வேலையை ஒரு இணையப் பக்கத்தில் நடத்தலாம். தொலைபேசியில் கேட்டு கடைக்காரரே பதிந்துகொள்ளவும் செய்யலாம். கல்லிடைக்குறிச்சி அப்பளம், அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, வெளியூருக்குப் பார்சலில் போகும் அல்வா என்று இதே அச்சில் வேறு தொழில்களும் உண்டு. ஆனால் ஒன்றை முழுமையாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்தமடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஆர்டர் எடுப்பதைப் பார்க்காமல் ஒரு வரி நிரல்கூட எழுதாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வேலை செய்யும்போது கட்டண முறை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் நிறுவனங்கள் அனுப்பும் வார்ப்புருச் செய்தி (முன்கூட்டியே எழுதி வாட்ஸ்அப்பிடம் ஒப்புதல் வாங்கிய செய்தி) ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம். விளம்பரச் செய்திக்கு அதிகம், ஆர்டர் நிலவரம் போன்ற செய்திக்குக் குறைவு. வாடிக்கையாளர் தானே முதலில் செய்தி அனுப்பினால், அந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நீங்கள் கொடுக்கும் சாதாரண பதில்களுக்குக் கட்டணம் இல்லை. எனவே அவரே பேச்சைத் தொடங்கும்படி உங்கள் கருவியை அமைத்தால் கடைக்காரரின் செலவு வெகுவாகக் குறையும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதிகாரபூர்வமற்ற நிரல்களைக் கொண்டு வாட்ஸ்அப்பை இயக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது விதிமீறல், எண்ணையே முடக்கிவிடுவார்கள். கடைக்காரர் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் எண் அது. அவருடைய மொத்த வாடிக்கையும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

டெலிகிராமுக்கு நம் ஊரில் வேறொரு உபயோகம் உண்டு. அரசுப் பணித் தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிறவர்கள் நெல்லைச் சீமையில் ஏராளம். அவர்களுடைய பாடக்குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் டெலிகிராம் குழுக்களில்தான் சுற்றுகின்றன. 2015 முதல் டெலிகிராமில் யாரும் கட்டணமின்றி பாட், அதாவது தானாகப் பேசும் நிரல், எழுதலாம். சரியான விடையைக் காட்டும் வினாடிவினா வசதி 2020-இல் வந்தது. ஒரு பயிற்சி மையத்துக்குத் தினமும் காலையில் பத்துக் கேள்விகள் போட்டு, யார் எந்தப் பாடத்தில் பின்தங்குகிறார் என்று வாரம் ஒருமுறை ஆசிரியருக்குத் தாள் கொடுக்கும் பாட் செய்வது உங்களுக்கு இரண்டு வார வேலை. சிரமம் நிரலில் இல்லை. விடைக்குறிப்பு ஒன்று தவறானாலும் மாணவர்கள் நம்பிக்கை இழப்பார்கள். கேள்விகளைத் தயாரிக்க நல்ல ஆசிரியர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் செலவை மையம் ஏற்குமா என்று முதலில் பேசுங்கள். டெலிகிராமுக்குள் டிஜிட்டல் சரக்கு விற்றால் அதன் ஸ்டார்ஸ் வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும் என்பது 2024 முதல் விதி என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கட்டணத்தை மையத்திடமே மாதச் சந்தாவாக வாங்கிக்கொள்வது நேர்வழி.

விளம்பரத்தை மட்டும் நம்பும் இலவச விளையாட்டு, ராசிபலன், எந்த நடிகரைப் போல இருக்கிறீர்கள் என்று சொல்லும் செயலி ஆகியவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியப் பயனருக்குக் கிடைக்கும் விளம்பர வருமானம் மிகக் குறைவு. லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்தால்தான் சர்வர் வாடகையே தேறும்.

பாதுகாப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் மிக மோசமான சம்பவம் ஒரு விட்ஜெட் நிறுவனத்தில்தான் நடந்தது. மேலே சொன்ன ராக்யூ, தன் பயனர்களின் கடவுச்சொற்களை எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல் அப்படியே சேமித்து வைத்திருந்தது. 2009 டிசம்பரில் தரவுத்தளத்துக்குள் ஒருவர் புகுந்து 3.2 கோடிக் கடவுச்சொற்களை எடுத்துவிட்டார். அவற்றில் மிகுதியாக இருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றைக்கும் உலகம் முழுக்கக் கடவுச்சொல் உடைக்கும் கருவிகளில் அந்த நிறுவனத்தின் பெயராலேயே வழங்குகிறது. நிறுவனம் என்னென்ன செய்தது என்பது மறந்துபோய், பெயர் இதற்காக மட்டும் நிலைத்துவிட்டது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்ததற்காக 2012-இல் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும் கட்டியது.

நீங்கள் மூவரும் செய்ய வேண்டியது, கடவுச்சொல்லை வாங்காமலே வேலையை முடிப்பது. கைபேசி எண்ணுக்கு ஒருமுறைக் குறியீடு அனுப்பினால் போதும். பாய்க்கடைக்குப் பெயரும் முகவரியும் தேவை; பிறந்தநாள் தேவையில்லை, தொடர்புப் பட்டியல் தேவையில்லை. தேவையில்லாததைக் கேட்காதீர்கள், பார்சல் போய்ச் சேர்ந்து சில மாதங்களில் முகவரியை அழித்துவிடுங்கள். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரத்துக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பயிற்சி மையத்து மாணவர்களில் பிளஸ் டூ படிப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் இது உங்களை நேராகத் தொடும்.

பெயர் வைப்பதிலும் கவனம். கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜயந்த் அகர்வாலா சகோதரர்கள் ஸ்க்ராபுலஸ் என்ற சொல் விளையாட்டைப் பேஸ்புக்கில் போட்டார்கள். நாள்தோறும் ஐந்து லட்சம் பேர் அதை விளையாடினார்கள். வட அமெரிக்காவில் ஸ்கிராபிள் விளையாட்டின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ 2008 ஜூலையில் வழக்குத் தொடுத்ததும், அமெரிக்காவிலும் கனடாவிலும் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம், விளையாட்டு முறைக்குப் பதிப்புரிமை கோர முடியாது, ஆனால் அந்தப் பெயர் வணிகக் குறியை மீறுகிறது என்றது. லெக்ஸுலஸ் என்று பெயரை மாற்றி அவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். நுட்பம் அவர்களுடையதாக இருந்ததால் பிழைத்தார்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரில் இன்ஸ்டா, வாட்ஸ் போன்ற துண்டுகள் எதுவும் வேண்டாம்.

நெல்லையில் இருந்துகொண்டு முடியுமா என்றால், முடியும் என்பதற்கு என்னைவிடப் பெரிய சாட்சி தென்காசிப் பக்கம் இருக்கிறது. ஸோஹோ 2011-இல் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தபோது அது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான ஸோஹோ டெஸ்க் அங்கே உருவாகி உலகம் முழுக்க விற்கிறது. கங்கைகொண்டானில் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. ஆனால் மூன்று பேருக்கு அங்கே இடம் எடுக்க அவசரம் எதுவும் இல்லை; நல்ல இணைய இணைப்புள்ள ஒரு மாடி அறை போதும். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்குத் திருநெல்வேலியில் வட்டார மையம் உண்டு. அதன் டான்சீட் திட்டத்தில் தொடக்க நிலை நிறுவனங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் தருகிறார்கள், மகளிர் நடத்தும் நிறுவனங்களுக்கு அதற்கும் மேல். விண்ணப்பத்தோடு மூன்று கடைக்காரர்கள் பணம் கட்டிப் பயன்படுத்துகிறார்கள் என்று ரசீதைக் காட்ட முடிந்தால், அழகான விளக்கப் படங்கள் எதுவும் தேவைப்படாது.

மூவருக்குள் இப்போதே ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். நண்பர்கள்தானே என்று வாய்ப்பேச்சில் விடுவதுதான் நம் ஊர் வழக்கம். ஆறு மாதத்தில் ஒருவருக்குப் பெங்களூரில் நல்ல வேலை கிடைக்கும். வீட்டில் போகச் சொல்வார்கள், அவரும் போவார். மூன்றில் ஒரு பங்கு அவரிடமே இருந்தால் மீதி இருவர் யாருக்காக உழைப்பது? பங்கு நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக ஒவ்வொருவருக்கும் உரிமையாக வேண்டும், முதல் ஆண்டு முடியுமுன் போகிறவருக்கு எதுவும் இல்லை என்று எழுதுங்கள். நிரலின் உரிமை நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். கடைக்காரரின் எண், சர்வர் கணக்கு, இணையப் பெயர் ஆகியவை ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கவே கூடாது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழுக்கள் இதில் சிக்கிப் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வேலையை விடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: படிப்பு முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன அல்லவா, அதற்குள் பணம் கொடுக்கும் ஒரு கடைக்காரரைப் பிடியுங்கள். பிடித்துவிட்டால் மூவரில் குடும்பச் சுமை குறைவாக உள்ளவர் முழுநேரமாக இறங்கட்டும். மற்ற இருவரும் வேலையில் சேர்ந்துகொண்டே இரவில் இதையும் பார்ப்பதாக இருந்தால், கையெழுத்திடுமுன் பணி ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இரட்டை வேலையை அனுமதிப்பதில்லை; போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததற்காக 300 பேரை நீக்கியதாக 2022-இல் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி வெளிப்படையாகவே சொன்னார். பணியில் இருக்கும்போது எழுதும் நிரல் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற விதியும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி இருந்தால் அந்த இருவரும் நிரலைத் தொடாமல், ஏற்கெனவே தொழில் நடத்துவதை மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்கிக்கொண்டு, பங்குதாரர்களாக மட்டும் இருக்கட்டும். பணி ஒப்பந்தம் கைக்கு வந்ததும், வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ நிறுவனச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் மூவருமாகப் போய், அதையும் உங்கள் கூட்டு ஒப்பந்தத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.